சின்னச் சக்கரம் மெதுவா? 20 இஞ்ச் க்ரூஸர் சைக்கிளை நகரத்துக்குப் பழக்குதல்

"சின்னச் சக்கரம்னா மெதுவாத்தான் சார் போகும்." கடந்த ஒன்றரை வருடத்தில் சைக்கிள் கடை, அலுவலக பார்க்கிங், அபார்ட்மெண்ட் லிஃப்ட் என்று பல இடங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டேன். சொல்பவர்கள் மேல் தப்பில்லை. 20 இஞ்ச் சக்கரம் வைத்த க்ரூஸர் வகை சைக்கிளைக் கடையிலிருந்து வாங்கி அப்படியே ஓட்டினால் உண்மையிலேயே மெதுவாகத்தான் போகும். ஆனால் அதற்குக் காரணம் சக்கரத்தின் அளவு இல்லை, அதாவது பெரும்பங்கு காரணம் அது இல்லை. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு சரியாக வந்தால் எதை மாற்ற வேண்டும், எதை மாற்றக் கூடாது என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 20 இஞ்ச் சக்கரம், ஏறக்குறைய 2 இஞ்ச் அகல டயர், தாழ்ந்து வளைந்த பார், நெஞ்சுக்கு நேராக உயர்ந்து நிற்கும் ஹேண்டில் பார், அகலமான சீட். பெரியவர்கள் உட்காரலாம், புடவையோ வேட்டியோ கட்டியிருந்தாலும் ஏறலாம். நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட். காரணம் ரொம்ப எளிமையானது. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு டூவீலர் இடம்தான். அதில் ஸ்கூட்டர் நிற்கிறது. முழு அளவு சைக்கிள் லிஃப்டுக்குள் போகாது. இந்த வண்டி போகும். நாற்பத்து மூன்று வயதில் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு டாக்டர், "தினமும் ஏதாவது பண்ணுங்க, இல்லன்னா மாத்திரைதான்" என்று சொல்லிவிட்டார். வேளச்சேரியில் வீடு, தரமணிப் பக்கம் அலுவலகம். சைக்கிளுக்கு ஏற்ற தூரம்தான். ஆனால் முதல் இரண்டு வாரத்தில் முழங்காலில் வலி வந்தது. இந்த வண்டியைச் சரி பண்ண முடியுமா, இல்லை மாத்திரைதானா என்பதுதான் அப்போது என் முன்னால் இருந்த கேள்வி.

பிள்ளைகள் ஆரம்பித்து வைத்தது

சின்னச் சக்கர க்ரூஸரின் வரலாறே 'மாற்றிக் கட்டுவதில்' தொடங்குவது எனக்குப் பிடித்த விஷயம். அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் 1933-ல் அகலமான பலூன் டயர் வைத்த சைக்கிளைக் கொண்டு வந்தது. க்ரூஸர் என்று நாம் இன்று சொல்வதன் மூலம் அதுதான். பிறகு 1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சிறுவர்கள் 20 இஞ்ச் வண்டியில் உயர்ந்த ஹேண்டில் பாரையும் நீண்ட வாழைப்பழ சீட்டையும் தாங்களாகவே மாட்டிக்கொண்டு சுற்றினார்கள். ஷ்வினில் இருந்த ஆல் ஃப்ரிட்ஸ் என்ற பொறியாளர் அதைக் கவனித்து, 1963-ல் ஸ்டிங்ரே என்ற மாடலாகவே வெளியிட்டார். அதாவது நிறுவனம் வடிவமைத்ததைப் பிள்ளைகள் மாற்றவில்லை, பிள்ளைகள் மாற்றியதை நிறுவனம் வடிவமைத்தது.

இங்கிலாந்தில் கதை வேறு. 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அலெக்ஸ் மோல்டன் என்ற பொறியாளர் சைக்கிளைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார். மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் செய்து கொடுத்தவர் அவர். 1962-ல் 16 இஞ்ச் சக்கரத்தோடு அவர் வெளியிட்ட சைக்கிளில் அதிகக் காற்றழுத்தம் தாங்கும் மெல்லிய டயர், குலுக்கலை வாங்க முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். அதே வருடம் ஜான் உட்பர்ன் அந்த வண்டியில் கார்டிஃப் - லண்டன் சாலை சாதனையை முறியடித்தார். சின்னச் சக்கரம் மெதுவானது என்ற வாதம் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ராலே நிறுவனம் 1965-ல் போட்டிக்கு ஆர்.எஸ்.டபிள்யூ. 16 என்ற வண்டியை இறக்கியது. சஸ்பென்ஷனுக்கு ஆகும் செலவைத் தவிர்த்து, அதற்குப் பதில் 2 இஞ்ச் அகலத்தில் குறைந்த காற்றழுத்த டயரைப் போட்டது. பார்க்க மோல்டன் மாதிரியே இருக்கும், மிதித்தால் சேற்றில் போவது போல இருக்கும். சின்னச் சக்கரத்துக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. இரண்டும் ஒரே அளவுச் சக்கரம்தான். மாறியது டயரும் காற்றும் சஸ்பென்ஷனும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் எங்கே போகிறது?

இப்போது கணக்கு. பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகரும்? இதைச் சுற்றுத் தூரம் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவை, முன் செயின் வீலின் பல் எண்ணிக்கையால் பெருக்கி, பின் ஃப்ரீவீலின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் விடை.

என் வண்டியில் டயரோடு சேர்த்துச் சக்கர விட்டம் ஏறக்குறைய 500 மி.மீ., சுற்றளவு 1.57 மீட்டர். முன்னால் 36 பல், பின்னால் 18 பல். ஆக 3.14 மீட்டர். (பை வந்து உட்கார்ந்தது தற்செயல்தான்.) நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 11.3 கிலோமீட்டர்.

நம் அப்பா காலத்து 28 இஞ்ச் கறுப்பு சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு சுமார் 2.24 மீட்டர். முன்னால் 44, பின்னால் 18 பல் என்றால் சுற்றுத் தூரம் 5.5 மீட்டர். அதே 60 சுற்றுக்கு மணிக்கு 19.7 கிலோமீட்டர்.

இப்போது பிரித்துப் பாருங்கள். 3.14-க்கும் 5.5-க்கும் இடையே ஒன்றே முக்கால் மடங்கு வித்தியாசம். அதில் சக்கர அளவால் வருவது 1.43 மடங்கு, பல் விகிதத்தால் வருவது 1.22 மடங்கு. "அப்போ சக்கரம்தானே பெரிய காரணம்?" என்று கேட்பீர்கள். இல்லை. சக்கரம் சின்னதானால் செயின் வீலைப் பெரிதாக்கி ஈடு கட்ட வேண்டும் என்பது சைக்கிள் செய்பவர்களுக்கு நூறு வருடமாகத் தெரிந்த விஷயம். மோல்டன் அதைத்தான் செய்தார். இந்த வகை வண்டிகளில் ஈடு கட்டாததோடு, இன்னும் கீழே இறக்கிவிட்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளின் 20 இஞ்ச் வண்டிக்கான செயின் வீலையே தூக்கிப் பெரியவர்கள் வண்டியிலும் போட்டுவிடுவதுதான் காரணம். பிள்ளைகளுக்கு 3 மீட்டர் சரியான அளவு. நமக்கு இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை, "சின்னச் சக்கரம் சிக்னல்ல சட்டுனு கிளம்பும்" என்பது. கிளம்புவது உண்மை. ஆனால் சக்கரம் லேசாக இருப்பதால் கிடைக்கும் லாபம் ஆள், வண்டி மொத்த எடையில் ஒன்றிரண்டு சதவீதம்தான். மீதி எல்லாம் கியர் தாழ்வாக இருப்பதன் வேலை.

சக்கரம் சின்னதாக இருப்பதால் உண்மையிலேயே வரும் நஷ்டம் இரண்டு. ஒன்று பள்ளம். 20 செ.மீ. நீளமுள்ள ஒரு குழியின் மேல் சக்கரம் போகும்போது, 28 இஞ்ச் சக்கரம் 14 மி.மீ. உள்ளே இறங்கும், 20 இஞ்ச் சக்கரம் 21 மி.மீ. இறங்கும். ஒன்றரை மடங்கு. சென்னையில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இந்தக் கணக்கை முதுகெலும்பு போட்டுக்கொள்ளும். இரண்டாவது உருளும் எதிர்ப்பு. ஒரே தரமான டயர், ஒரே காற்றழுத்தம் என்றால் சின்னச் சக்கரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இழுக்கும். ஆனால் ஒரே டயர் என்றால்தான். நல்ல சின்ன டயர், மோசமான பெரிய டயரை எளிதாகத் தாண்டிவிடும்.

இங்கே ஒரு கணக்கு பார்த்துவிடலாம், ஏனென்றால் செலவு செய்யும் வரிசையை இதுதான் தீர்மானிக்கிறது. ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ. சாதாரண முரட்டு டயருக்கு உருளும் எதிர்ப்பு எண் 0.010 என்று வைத்தால், மணிக்கு 15 கிலோமீட்டரில் அதைத் தள்ள 37 வாட் போகும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அதே வேகத்தில் காற்றைத் தள்ளச் சுமார் 26 வாட். வேகம் 25-க்குப் போனால் நிலைமை தலைகீழ்: டயருக்கு 61, காற்றுக்கு 120. ரேஸ் ஓட்டுபவர்கள் குனிந்து ஓட்டுவதற்குக் காரணம் இந்தப் பின்பாதி. நகரத்துக்குள் நாம் ஓடுவது முன்பாதியில். இங்கே குனிவதைவிட டயர் மாற்றுவது லாபம். ஆகவே க்ரூஸரின் நிமிர்ந்த உட்காரும் முறையை நான் தொடவில்லை. ஆட்டோக்களுக்கு நடுவே தலை உயரத்தில் இருப்பது ஒரு வசதி. நாமும் பார்க்கலாம், நம்மையும் பார்ப்பார்கள்.

முதலில் பிரேக்

எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவரிடம் பட்டியலோடு போனேன். "அண்ணே, செயின் வீல் பெருசா போடணும்" என்றேன். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு முன் பிரேக்கை இரண்டு முறை அழுத்தினார். "பிரேக் இப்படி வெச்சுக்கிட்டு ஸ்பீடு ஏத்தப் போறீங்களா சார்?" என்று கேட்டார். என் பட்டியலில் பிரேக் முதலில்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்ன தொனி இன்னும் காதில் இருக்கிறது.

விஷயம் ரிம்மில் இருக்கிறது. விலை குறைந்த வண்டிகளில் க்ரோம் பூசிய இரும்பு ரிம். காய்ந்திருக்கும்போது பரவாயில்லை. மழையில் நனைந்தால் ரப்பர் பிரேக் கட்டை அதன் மேல் வழுக்கும், பிடிமானம் பல மடங்கு குறையும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறீர்கள். நல்ல பிரேக் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.4 பங்கு வேகத்தைக் குறைத்தால் 4 மீட்டரில் நிற்கலாம். அது 0.1 பங்காகக் குறைந்தால் 16 மீட்டர். பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரிவதற்குள் ஓடும் 5 மீட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 16 மீட்டர் என்றால் முன்னால் போகும் மாநகரப் பேருந்தின் நீளத்தைவிட அதிகம்.

அதனால் செலவில் பெரும்பகுதியை இங்கேதான் போட்டேன். முன் சக்கரத்துக்கு அலுமினியம் ரிம். வாங்கும்போது துளைகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஹப்பில் 36 துளை என்றால் ரிம்மிலும் 36, 28 என்றால் 28. ரிம் மாறினால் கம்பியின் நீளமும் மாறலாம், எனவே பழைய கம்பியையே போட முடியும் என்று நம்பிப் போகாதீர்கள். கம்பி கோர்த்துக் கோட்டம் எடுப்பது தனிக் கலை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்த்தேன். குட்டைக் கம்பி என்பதால் 20 இஞ்ச் சக்கரம் இயல்பாகவே பலமானது, கட்டி முடித்துவிட்டால் எளிதில் கோட்டம் விழாது. இது சின்னச் சக்கரத்தின் ஒரு நல்ல குணம்.

பிரேக் கை, இரும்புத் தகட்டில் செய்த ஒற்றை அச்சு வகை. அழுத்தினால் பாதி விசை அதன் வளைவிலேயே போய்விடும். அதை எடுத்துவிட்டு இரட்டை அச்சு அலுமினிய பிரேக் போட்டேன். போல்ட் துளையிலிருந்து ரிம் வரை எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டு போனால்தான் பொருத்தமானது கிடைக்கும். கேபிளும் உறையும் புதிது. பின்னால் இரும்பு ரிம்மையே விட்டுவிட்டேன். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பின் சக்கரத்துக்குச் சாலையில் பிடிமானமே குறைந்துவிடும். "முன் பிரேக் பிடிச்சா கவுந்துடும்" என்று நமக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தது பாதி வரைக்கும்தான் சரி. சட்டென்று முழுதாக இறுக்காமல், படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும்.

முழங்காலுக்கு சீட்

முழங்கால் வலிக்குக் காரணம் சீட் உயரம். நின்றால் இரண்டு காலும் முழுதாகத் தரையில் பட வேண்டும் என்று தாழ்த்தி வைப்பது நம் ஊர் வழக்கம். அப்படி வைத்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் மடங்கி நெஞ்சுப் பக்கம் வரும், அந்த நிலையில்தான் அழுத்தவும் வேண்டும். நாற்பதுக்கு மேல் மூட்டு இதைப் பொறுத்துக்கொள்ளாது.

சீட் உயரத்துக்கு எளிய சோதனை: சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே கொண்டு போங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்காலில் சின்ன மடிப்பு மீதி இருக்கும். எண் வேண்டும் என்பவர்களுக்கு, பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமார்டும் அவருடைய வீரர் கிரெக் லெமாண்டும் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு. காலின் உள்பக்க நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சிலிருந்து சீட் மேல்பரப்பு வரை வர வேண்டிய தூரம். எனக்கு 78 செ.மீ., ஆகவே 69 செ.மீ. குதிகால் சோதனையும் கிட்டத்தட்ட அங்கேயேதான் வந்தது.

வண்டியோடு வந்த சீட் கம்பி அந்த உயரத்துக்கு எட்டாது. நீளமான கம்பி வாங்க வேண்டும். இங்கே விட்டத்தைக் கண்டிப்பாக அளந்துகொள்ளுங்கள். 25.4 மி.மீ. என்பது ஒரு பொதுவான அளவு, ஆனால் எல்லா வண்டிக்கும் இல்லை. அரை மி.மீ. குறைந்தாலும் கம்பி ஆடிக்கொண்டே கீழிறங்கும். இன்னொன்று, கம்பியில் பொறித்திருக்கும் கோட்டுக்கு மேலே இழுக்கக் கூடாது. அதோடு, கம்பியின் கீழ் நுனி பார் வந்து சேரும் வெல்டிங்கைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழு எடையும் ஃப்ரேம் குழாயின் வாயைப் பிளக்கும். சிறுவர்களுக்கான மெல்லிய ஃப்ரேமில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். வெல்டிங் பக்கத்தில் பெயிண்ட் மயிரிழை போல வெடித்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

சீட்டை ஏற்றிய பிறகு சிக்னலில் ஒரு கால் நுனிதான் தரையில் படும். இறங்கி நிற்பதற்குப் பார் தாழ்வாக இருப்பதால் பிரச்சினை இல்லை. க்ரூஸர் ஃப்ரேமின் உண்மையான லாபம் இதுதான். வலி பத்து நாளில் குறைந்தது.

டயர்: 20 என்பது ஒரு எண் இல்லை

டயர் வாங்கப் போனால் ஒரு சிக்கல் காத்திருக்கும். '20 இஞ்ச்' என்ற பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத டயர்கள் உண்டு. 20 × 1.75, 20 × 1.95, 20 × 2.125 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 406 மி.மீ. ரிம்முக்கானது. 20 × 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருந்தால் 451 மி.மீ. இரண்டுக்கும் நடுவே 45 மி.மீ. வித்தியாசம். அடித்து ஏற்றினாலும் ஏறாது. ராலே 1968-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ட்வென்டி மாடல் இரண்டாவது வகை. அதனால்தான் அந்த வண்டியைப் புதுப்பிப்பவர்கள் டயர் தேடி அலைகிறார்கள். மறைந்த ஷெல்டன் பிரவுன் என்ற அமெரிக்க மெக்கானிக், உலகத்துக்கே சைக்கிள் பாடம் எடுத்தவர், அந்த ட்வென்டியைத் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டி ஓட்டியவர்.

டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 50-406 மாதிரி ஒரு எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். ஐ.எஸ்.ஓ. 5775 என்ற தர நிர்ணயம் அது. கடையில் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், இல்லை பழைய டயரையே கையில் எடுத்துப் போங்கள்.

நான் போட்டது 47-406, வழுவழுப்பான மேற்பரப்பு, 65 பி.எஸ்.ஐ. வரை காற்று தாங்கும். பழைய டயரில் முள் முள்ளாகப் பட்டை இருந்தது, 40 பி.எஸ்.ஐ.தான் தாங்கும். எதிர்ப்பு எண் 0.010-லிருந்து 0.006 ஆனதாக வைத்துக்கொண்டால் 37 வாட் 22 ஆகிறது. 15 வாட் மிச்சம் என்றால் சின்னதாகத் தோன்றும். மொத்தமே 63 வாட்டில் ஓடும் மனிதனுக்கு அது நாலில் ஒரு பங்கு.

இன்னும் ஒல்லியான, 100 பி.எஸ்.ஐ. தாங்கும் டயரும் கிடைக்கிறது. வேண்டாம் என்பேன். மேலே பார்த்த பள்ளத்துக் கணக்கு ஒரு காரணம். நம் மழைநீர் வடிகால் மூடிகளின் இரும்புக் கம்பி இடைவெளி இன்னொரு காரணம். மோல்டனுக்கு சஸ்பென்ஷன் இருந்தது, நமக்கு டயரின் வயிறுதான் சஸ்பென்ஷன். நானும் 65 அடிப்பதில்லை. பின்னால் 55, முன்னால் 45. சின்ன டயர் ஒரு கிலோமீட்டருக்கு 637 சுற்று சுற்றுகிறது, 28 இஞ்ச் 446 சுற்றுதான். ஆகவே சீக்கிரம் தேயும், அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கியர்

பின்னால் ஃப்ரீவீலைச் சின்னதாக்கினால் போதுமே, மலிவுதானே என்று முதலில் தோன்றும். அதற்கு ஒரு எல்லை உண்டு. வழக்கமான ஃப்ரீவீல் மரையில் ஏறக்கூடியது நடைமுறையில் 16 பல் வரைதான், அதற்குக் கீழே போக உள்ளே இடம் இல்லை. 36-க்கு 16 என்றால் 3.5 மீட்டர்தான் வரும். மீதியை முன்னால்தான் தேட வேண்டும்.

முன்னால் செயின் வீல் வலது கிராங்கோடு சேர்த்து அடித்திருப்பதால் தனியாகக் கழற்ற முடியாது, கிராங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். காட்டர் பின் வகையா, சதுர அச்சு வகையா, ஒரே கம்பியை வளைத்துச் செய்த வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பாரிமுனைப் பக்கம் உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்கி 44 பல், 165 மி.மீ. கிராங்க் கொண்ட செட் கிடைத்தது. வளைவில் பெடல் தரையில் இடிக்காதா, செயின் வீல் ஃப்ரேமின் பின் குழாயில் உரசாதா என்று கடையிலேயே வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

44-க்கு 16 என்றால் 4.3 மீட்டர். 60 சுற்றுக்கு மணிக்கு 15.5, கொஞ்சம் வேகமாக 75 சுற்று மிதித்தால் 19.4 கிலோமீட்டர். சென்னை மாதிரி தட்டையான ஊருக்கு இது போதும் என்பது என் முடிவு. 52 பல் போட்டால் 5.1 மீட்டர் வரும், ஆனால் மேம்பாலம் இருக்கிறதே. 4 சதவீத ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், 4.3 மீட்டர் கியரில் பெடல் மேல் சராசரியாக 18 கிலோ அழுத்த வேண்டும். 5.1-ல் அது 21 கிலோவுக்கு மேல் போகும். அதைச் சரி பண்ணத்தானே சீட்டையே உயர்த்தினோம். ஏற்ற இறக்கம் நிறைந்த ஊரில் இருப்பவர்கள் ஹப்புக்குள்ளேயே மூன்று கியர் இருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் அல்லது ஷிமானோ நெக்ஸஸ் வகையை யோசிக்கலாம். நல்ல பொருள்தான். ஆனால் என் வண்டியின் மொத்த விலையே அந்த ஹப்புக்கு ஆகிவிடும்.

பல் கூடினால் செயினும் நீள வேண்டும். 36/18-லிருந்து 44/16-க்கு வரும்போது மூன்று கண்ணிக்குக் கொஞ்சம் மேல் தேவைப்படும். செயின் இரட்டைப்படையில்தான் சேரும் என்பதால் நான்கு. பழைய செயினோடு ஒட்டுப் போடாமல் புதிதாகவே போட்டுவிட்டேன். தேய்ந்த செயின் புதிய பல்லைத் தின்றுவிடும்.

ஹேண்டில் பாரில் ஒரே ஒரு வேலை. 68 செ.மீ. அகலம் இருந்தது. ஹாக்சா பிளேடால் இரண்டு பக்கமும் 3 செ.மீ. குறைத்தேன். நிற்கும் வண்டிகளுக்கு நடுவே நுழைய அது போதும். இதற்கு மேல் குறைத்தால் ஹேண்டில் துடிப்பாகிவிடும். சின்னச் சக்கரத்தில் ஹேண்டில் ஏற்கனவே கொஞ்சம் துடிப்பானது. சக்கரம் சுழலும் விசைதான் சைக்கிளை நிறுத்தி வைக்கிறது, சின்னச் சக்கரத்தில் அது குறைவு, அதனால்தான் ஆடுகிறது என்று பலர் விளக்கம் சொல்வார்கள். 2011-ல் சயன்ஸ் இதழில் ஐந்து ஆராய்ச்சியாளர்கள், அந்தச் சுழல் விளைவை முழுதாக ரத்து செய்த ஒரு வினோத சைக்கிளும் ஆள் இல்லாமல் தானாக நேராக ஓடும் என்று செய்தே காட்டிவிட்டார்கள். எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். லேப்டாப் பையை ஹேண்டில் கூடையில் வைத்தால் வண்டி மல்லுக்கட்டும், பின் கேரியரில் தாழ்வாகக் கட்டினால் இருப்பதே தெரியாது. சக்கரம் சின்னதாக இருப்பதால் கேரியரும் தாழ்வாக வருகிறது.

எல்லாம் முடிந்து கடைக்காரரிடம் பணம் கொடுத்தபோது, "இந்தக் காசுக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கியிருக்கலாம் சார்" என்றார். வாங்கியிருக்கலாம்தான். அது லிஃப்டில் ஏறாது. பிறகு அவரே ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய் வந்தார். இறங்கியதும் முன் பிரேக் கேபிளை அரைச் சுற்று இறுக்கி விட்டார். அடுத்து மழைக்காலத்துக்குள் பின் ரிம்மையும் அலுமினியத்துக்கு மாற்ற வேண்டும். இப்போதைக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் சக்கரக் கம்பிகளில் ரிஃப்ளெக்டரும் மாட்டியிருக்கிறேன். மட்கார்டு கொஞ்சம் ஆடிச் சத்தம் போடுகிறது, வாஷர் போட்டுப் பார்க்க வேண்டும்.